தேசிய டென்பின் பவுலிங் அணிக்கு ஆள் எடுப்பது: நேஷனல்ஸ் ரேங்க் போதுமா, தனி ட்ரயல்ஸ் வேணுமா?

காட்பாடி ஜங்ஷன் (கேள்வி)

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் இருந்து சென்னைக்குப் போய் டென்பின் (லேன்ல பாலை உருட்டிப் பத்துப் பின்னைச் சாய்க்கிற ஆட்டம்) ஆடுறவங்க வாட்ஸ்அப் குழுவுல ஒரு வாரமா இதே சண்டை. நேஷனல்ஸ்ல (தேசிய சாம்பியன்ஷிப்) முதல் ஆறு இடம் பிடிச்சவங்களை அப்படியே இந்திய அணின்னு அனுப்பிட்டா என்ன தப்பு? ஆடி ஜெயிச்சவன் போறான், சிபாரிசுக்கு வேலையே இல்லை. தனி ட்ரயல்ஸ் வேணும்னு சொல்றவங்க எத்தனை கேம், லேன்ல எந்த ஆயில், கமிட்டி கையில எத்தனை இடம்னு கணக்கோட சொல்லுங்க. இப்போ நடக்கிற முறையைத் திட்ட வேண்டாம், எப்படி இருக்கணும்னு மட்டும் பேசுவோம்.

கோட்டை அகழி

தம்பி, நேஷனல்ஸ் சாம்பியனைக் கண்டுபிடிக்கிற போட்டி. கடைசியில் நாக்அவுட், ஸ்டெப்லேடர் (கீழ் இடத்துக்காரர் ஜெயித்து ஜெயித்து மேல் இடத்துக்காரரோடு மோதுவது) என்று வந்தால் ஒரே கேமில் இடம் மாறிவிடும். அதை வைத்து அணி எடுக்கக்கூடாது. எடுத்தே ஆகணும் என்றால் தகுதிச் சுற்றின் கேம்களை மட்டும் எடுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஆயில். சாதாரண சென்டர்களில் லேன் மேல் போடும் ஹவுஸ் ஷாட் என்ற எண்ணெய் அமைப்பில் நடுவில் எண்ணெய் கனமாக இருக்கும், ஓரம் காய்ந்திருக்கும். பால் வெளியே போனால் காய்ந்த இடம் உள்ளே திருப்பிவிடும். உள்ளே தவறினால் எண்ணெய் பிடித்து நிறுத்தும். தப்பு செய்தாலும் பாக்கெட்டில் (முதல் பின்னுக்கும் பக்கத்துப் பின்னுக்கும் நடுவே) விழும். வெளிநாட்டுப் போட்டியில் போடுவது ஸ்போர்ட் பேட்டர்ன், ஓரத்துக்கும் நடுவுக்கும் எண்ணெய் வித்தியாசம் குறைவு. இரண்டு போர்டு (லேனின் நீளவாக்குப் பலகை) தவறினாலே ஸ்ப்ளிட், மிச்சப் பின்கள் தள்ளித் தள்ளி நிற்கும். ஹவுஸ் ஷாட்டில் கேமுக்கு 220 அடிப்பவர் அங்கே 185க்குத் திணறுவது சகஜம்.

அதனால் ட்ரயல்ஸில் குறைந்தது மூன்று எண்ணெய் நீளம் வேண்டும்: 35 அடி, 40 அடி, 45 அடி. பேட்டர்ன் நீளத்தில் 31ஐக் கழித்தால் பால் திரும்ப வேண்டிய போர்டு சுமாராகக் கிடைக்கும். 35 அடிக்கு நாலாவது போர்டு, கிட்டத்தட்ட கட்டர் எனும் பக்கப் பள்ளத்தின் ஓரம். 45க்குப் பதினாலாவது. இரண்டையும் ஒரே கோணத்தில், ஒரே பாலில் ஆட முடியாது. அதைத்தான் சோதிக்கணும்.

என் கணக்கு நாலு பிளாக், பிளாக்குக்கு 6 கேம், மொத்தம் 24. முதல் நாள் காலை 35, மதியம் 45. இரண்டாம் நாள் காலை 40. மதியம் அதே 40, ஆனால் மறுபடி எண்ணெய் போடாமல். காலையில் ஓடிய ரியாக்டிவ் பால்கள் எண்ணெயை உறிஞ்சி எடுத்திருக்கும், எல்லோரும் உள்ளே நகரணும். யார் லேனைப் படிக்கிறார், யார் பழைய பாதையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் என்பது அந்தக் கடைசி 6 கேமில்தான் தெரியும்.

அமெரிக்க அணித் தேர்விலும் ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு பேட்டர்ன்தான். அன்றைய இடமே புள்ளி: முதலிடத்துக்கு 1, பத்தாம் இடத்துக்கு 10, குறைந்த கூட்டல் வெற்றி. 35 அடியில் மட்டும் வெளுத்து வாங்கிவிட்டு மற்றதில் 9, 10, 11 என்று வந்தவருக்கு 31 புள்ளி. எல்லாவற்றிலும் நாலாவதாக வந்தவருக்கு 16. நமக்கு வேண்டியவர் இரண்டாமவர்.

ஆற்காடு மக்கன்பேடா

அகழி அண்ணே சொன்ன ஆயில் விஷயம் சரி. இடப்புள்ளிதான் எனக்கு ஒப்பவில்லை. 24 பேர் ஆடும்போது நடுவில் கூட்டம் நெருக்கமாக நிற்கும். 6 கேமில் 8 பின் குறைந்தவர் ஐந்தாம் இடத்திலிருந்து ஒன்பதாம் இடத்துக்கு இறங்குவார். முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் 90 பின் இருந்தாலும் வித்தியாசம் 1 புள்ளிதான். இது என்ன நியாயம்?

இப்படிச் செய்யலாம்: ஒவ்வொரு பிளாக்கிலும் எல்லோருடைய மொத்தத்துக்கும் சராசரி எடுத்து, அதிலிருந்து எத்தனை பின் மேலே, கீழே என்று எழுதுங்கள். மேலே +120க்கு மேல் யாருக்கும் கிடையாது என்று ஒரு மூடி போடுங்கள். ஒரே பேட்டர்னில் குவிப்பவரின் ஆட்டம் அதோடு அடங்கும், நடுவில் இருப்பவருக்கு 8 பின் 8 பின்னாகவே நிற்கும்.

இன்னொன்று. ஒருவரின் ஸ்கோர் கேமுக்குக் கேம் 25 பின் அளவுக்கு ஏறி இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். 6 கேம் சராசரியில் 10 பின் வரை அதிர்ஷ்டம். இருவரை ஒப்பிட்டால் 14. 24 கேம் ஆடினாலும் இருவருக்கு நடுவே 7 பின், அதாவது மொத்தத்தில் 168 பின் வரை தற்செயலாகவே வரலாம். ஆறாம் இடத்துக்காரர் ஏழாம் இடத்துக்காரரை 40 பின்னில் முந்தினார் என்றால் அவர்தான் சிறந்தவர் என்று யாராலும் சொல்ல முடியாது. ‘ஆடி ஜெயிச்சவன் போறான்’ என்பது முதல் மூன்று நாலு பேருக்குத்தான் பொருந்தும்.

பாலாற்று மணல்

மக்கன்பேடா போட்ட கணக்குதான் கமிட்டிக்கு எத்தனை இடம் என்பதற்கும் பதில். ஆறில் நாலு ஸ்கோரால் நேரடி. மீதி இரண்டு கமிட்டி, அதுவும் முதல் 12 பேருக்குள் மட்டும். என்ன பார்ப்பார்கள் என்பதை ட்ரயல்ஸுக்கு முன்பே எழுதி ஒட்டிவிடணும், எடுத்த பிறகு காரணத்தையும் எழுதித் தரணும். அது இல்லாவிட்டால் ஜங்ஷன் பயப்படுகிற சிபாரிசுதான் நடக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது ஒற்றைப் பின் ஸ்பேர், அதாவது மிச்சம் நின்ற ஒரு பின்னை இரண்டாம் பாலில் எடுப்பது. ஒன்பது விழுந்து ஒன்றை விட்டால் அந்த ஃப்ரேமில் 9. எடுத்திருந்தால் 10, அதோடு அடுத்த பாலில் விழுவது. ஒரு தவறுக்கு 10, 11 பின் போச்சு. வலது கைக்காரர்கள் வலது மூலையில் நிற்கும் பத்தாம் பின்னுக்கு பிளாஸ்டிக் பாலை நேராக விடுகிறார்களா, இல்லை ஸ்ட்ரைக் பாலையே வளைத்துப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். எண்ணெய் மாற மாற வளைப்பவர்தான் தவறவிடுவார்.

அடுத்தது அணியாக ஆடுவது. 2018 ஜகார்த்தா-பாலெம்பாங் ஆசிய விளையாட்டில் தனிநபர், இரட்டையர் பிரிவே கிடையாது; மூவர், அறுவர், மாஸ்டர்ஸ் மட்டும்தான். ஆகவே முதல் 12 பேரை வைத்து ஐந்தைந்து பேராகக் கலந்து பத்துப் பேக்கர் கேம் (ஐவர் ஃப்ரேம்களைப் பகிர்ந்து ஒரே கேமாக ஆடுவது) ஆடவிடுங்கள். முதல் ஆள் 1, 6ஆம் ஃப்ரேம், ஐந்தாம் ஆள் 5, 10. ஒரு ஃப்ரேம் ஆடி நாலு ஃப்ரேம் உட்கார்ந்து வரும்போது சிலருக்குக் கை கட்டிப்போகும், தனி ஆட்டத்தில் அது தெரியவே தெரியாது.

நடத்துகிறவர்கள் கோட்டை விடுவது லேன் மாற்றத்தில். ஒரே நாலு பேர் நாள் முழுக்கச் சேர்ந்தே நகர்ந்தால், அதில் ஒருவர் யூரித்தேன் பால் (ரியாக்டிவ் அளவுக்கு எண்ணெய் உறிஞ்சாதது) ஆடினால் எண்ணெயை முன்னால் இழுத்துப்போட்டு மற்ற மூவரையும் கெடுப்பார். பிளாக் முடிந்ததும் சீட்டுப் போட்டுப் புதிதாகப் பிரிக்கணும். இடது கைக்காரர்கள் குறைவு என்பதால் அவர்கள் பக்கம் எண்ணெய் அப்படியே நிற்கும், அது அவர்களுக்கு லாபம். அதற்காகத்தான் எண்ணெய் போடாத பிளாக் ஒன்றே ஒன்று இருக்கட்டும் என்கிறேன்.

காட்பாடி ஜங்ஷன்

சரி அண்ணே, நேஷனல்ஸ் வாதத்தை விட்டுட்டேன். ஆனா மூணு பேட்டர்ன்னா எத்தனை பால் தூக்கிட்டு வரணும்? 15 பவுண்டு பால் ஒண்ணு 6.8 கிலோ. நாலு எடுத்தாலே 27 கிலோவோட ரயில் ஏறணும். சென்னைக்காரனுக்கு வண்டில எட்டு பால் வரும்.

கோட்டை அகழி

நியாயமான கேள்வி. ஆளுக்கு ஐந்து பால் என்று எல்லை போடணும், முதல் நாளே எண் பார்த்துப் பதிவு செய்துவிடணும். பேட்டர்ன் நீளத்தையும் எத்தனை மில்லி எண்ணெய் என்பதையும் மூன்று வாரம் முன்பே வெளியிடணும். ட்ரயல்ஸுக்கு முந்தைய நாள் வெளியூர்க்காரர்களுக்கு அதே லேனில் ஒரு மணி நேரம் பயிற்சி கட்டாயம் வேண்டும். உள்ளூர்க்காரருக்கு எந்த லேன் எந்தப் பக்கம் சாய்வு என்பது கூட மனப்பாடம். நீ வருவதானால் வலுவான ரியாக்டிவ் ஒன்று, மிதமானது ஒன்று, யூரித்தேன் ஒன்று, ஸ்பேருக்கு பிளாஸ்டிக். இந்த நாலு போதும். ஐந்தாவது தூக்குவதைவிட மிதமான பாலின் மேற்பரப்பைத் தேய்க்க இரண்டு மூன்று கிரிட்டில் (சொரசொரப்பு அளவு) அப்ரலான் பேட் கொண்டு வா. ஆனால் பிளாக் தொடங்கிய பிறகு தேய்க்க விடமாட்டார்கள், முன்பே தேய்த்துக்கொள்.