நூறாண்டு கடந்த நகர வீட்டில் நவீனச் சமையலறை: சுவரை எடுக்கலாமா?

இல்லக்காரர்:
எங்கள் நகர வீட்டுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய செங்கல் சுவர், மேல்மாடிக்கு மரத்தளம், உணவறையின் மேல்விளிம்பில் சுதை வேலைப்பாடு. சமையலறையில் இருவர் நின்றால் மூன்றாமவர் நுழைய முடியாது. நடுச்சுவரை எடுத்துவிட்டு, அதையும் உணவறையையும் ஒரே திறந்த அறையாக்கலாம் என்கிறார் வடிவமைப்பாளர். செய்யலாமா?

நேர்கோடு:
தாராளமாகச் செய்யலாம். அந்தக் காலத்தில் சமையலறையைப் பின்புறம் ஒதுக்கி வைத்ததற்கு முக்கியக் காரணம் புகையும் கரியும்தான். அவை போன பிறகும் சமைப்பவரைச் சுவருக்குப் பின்னால் நிறுத்தி வைப்பதைப் பாரம்பரியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புழங்காத வீடுதான் முதலில் பாழாகும்.

பழஞ்சுவர்:
அந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். மேல்தளத்தின் உத்திரங்கள் அதன்மேல் உட்கார்ந்திருந்தால், இரும்பு உத்திரம் கொடுத்துச் சுவரை எடுக்கலாம். ஆனால் சுவரின் முழு நீளத்திலும் பரவி இறங்கிய பாரம் இனி இரண்டு முனைகளில் குவியும், பழைய அஸ்திவாரம் அதற்காகப் போட்டதன்று. இடம் போதாது என்பதும் முழு உண்மையன்று. 1926இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான், மேடையும் அலமாரிகளும் அளவெடுத்துப் பொருத்திய இன்றைய சமையலறைக்கெல்லாம் அதுவே முன்னோடி.

நேர்கோடு:
அது ஒருவர் தனியே நின்று வேலை செய்வதற்கென்று அளந்த அறை, ஐயா. பின்னாளில் அதன்மேல் எழுந்த பெரிய குறையே அதுதான். இங்கே கேட்பவருக்கு இருவர் நின்றாலே இடிக்கிறது.

கொத்துக்கரண்டி:
பழைய வீடுகளில் பூச்சு வேலை செய்பவன் என்பதால் சொல்கிறேன்: இடிப்பதைவிட ஒட்டுவதில்தான் அதிகம் கெடுகிறது. ஒரு வீட்டில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பின்னால் ஓடு பதிக்க வேண்டும் என்று சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டுச் சிமெண்டு பூசியிருந்தார்கள். இரண்டாம் ஆண்டில் ஓட்டு வரிசைக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. விரலால் தேய்த்தேன், செங்கல் மாவாக உதிர்ந்தது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு அதை அடைத்துவிடுவதால், ஈரம் பூசாத இடம் தேடி ஏறி அங்கே உப்பைக் கக்கும். மேடையைச் சுவரில் செருகாமல் தனிக்காலில் நிறுத்துங்கள், பின்னால் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். தண்ணீர்க்குழாயும் அந்த இடைவெளியிலேயே கண்ணுக்குத் தெரிய ஓடட்டும். கசிந்தால் அன்றே தெரிந்துவிடும்.

நேர்கோடு:
இதை மறுக்க மாட்டேன். ஆனால் தனிக்கால் மேடை என்றதும் பழைய மரச்சாமான் போலச் செதுக்கி வைத்துவிட வேண்டாம். நினைவுச்சின்னங்களில் விடுபட்டதைப் புதிதாக ஈடுசெய்யும்போது அது முழுமையோடு இசைய வேண்டும், அதேசமயம் அசலிலிருந்து பிரித்தறியும்படியும் இருக்க வேண்டும் என்கிறது நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆவணமான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். வீட்டுக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன். சுவரைப் பொறுத்தவரை, உத்திரங்கள் அதன்மேல் உட்கார்ந்திருந்தால் என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். உட்காரவில்லை என்றால் பழஞ்சுவர் தம்முடையதைத் திரும்பப் பெறுவாரா?

பழஞ்சுவர்:
மாட்டேன். சுதை வேலைப்பாடு உணவறையின் நான்கு பக்கமும் சுற்றி வருகிறது. ஒரு பக்கத்தை எடுத்தால் மிஞ்சுவது மூன்று பக்க அலங்காரமும் அந்தரத்தில் நிற்கும் இரண்டு முனைகளும்தான். இருக்கும் வாசலை அகலமாக்கி, மேலே சுவரை விட்டுவைத்தால் வேலைப்பாடு பிழைக்கும்.

இல்லக்காரர்:
மேல்மாடியில் ஒரு பலகையைப் பெயர்த்துப் பார்த்தேன். உத்திரங்கள் அந்தச் சுவருக்கு இணையாகத்தான் ஓடுகின்றன, அதன்மேல் ஏறவில்லை. ஆனால் மேலே படுக்கையறைகளைப் பிரிக்கும் செங்கல் சுவர் நேராக இதன் தலைமேல் நிற்கிறது. வடிவமைப்பாளரின் வரைபடத்தில் அது இல்லவே இல்லை. கட்டுமானப் பொறியாளர் வந்து பார்க்கும்வரை சுத்தியலைத் தொடப்போவதில்லை. வாசலை எவ்வளவு அகலமாக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்கிறேன்.