நிலைபேறும் சமூக நீதியும்: தனிப் பாடமா, எல்லாப் பாடங்களுக்குள்ளுமா?

கேள்வி: முகாமைத்துவ விரிவுரையாளர், நிலாவெளி

வணக்கம். எங்கள் பீடத்தில் பாடவிதான மீளாய்வு தொடங்கவிருக்கிறது. நிலைபேறான அபிவிருத்தியும் சமூக நீதியும் பட்டப்படிப்பில் இடம்பெற வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளுள் 4.7 என்னும் உபஇலக்கும் அதையே கேட்கிறது. முதலாம் வருடத்தில் கட்டாயப் பாடமொன்றை வைத்தால் போதும் என்கிறார்கள் பலர். மாணவர்கள் அந்த 17 இலக்குகளையும் மனனம் செய்து ஒப்புவித்துவிட்டு, மூன்றாம் வருடத்தில் நிதி முகாமைத்துவம் படிக்கும்போது அவற்றை அடியோடு மறந்திருப்பார்கள் என்பதே என் கவலை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்வீர்களா?

பதில்: பொருளியல் ஆசிரியர், மூதூர்

உங்கள் கவலை நியாயமானது. அந்த நிதி முகாமைத்துவப் பாடத்திலிருந்தே தொடங்குங்கள். ஒரு திட்டத்தின் எதிர்கால வரவையும் இழப்பையும் இன்றைய மதிப்புக்கு மாற்றி, தேறிய நிகழ்காலப் பெறுமதி கணிக்கும் வழமையான பயிற்சியில், 30 ஆண்டுகளுக்குப் பின் நேரும் 100 ரூபா இழப்பு, ஆண்டுக்கு 10 சதவீதம் என்ற கழிவு வீதத்தில் இன்று 5 ரூபா 73 சதமாகச் சுருங்கிவிடுகிறது. இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளின் கடலும் நிலமும் கணக்கிலிருந்து நழுவும் இடம் அதுதான். மாணவர் அதைத் தம் கையால் கணித்துப் பார்த்த பின், எப்பாவலவில் பொஸ்பேற்று அகழும் திட்டத்தை எதிர்த்து ஊர்மக்கள் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு வழங்கிய தீர்ப்பை வாசிக்கக் கொடுத்தால், தலைமுறைகளுக்கிடையிலான நீதியை விளக்கத் தனி விரிவுரை தேவைப்படாது.

அடுத்தது, மூதூருக்கு அருகிலுள்ள சம்பூர். 2006இல் போரால் இடம்பெயர்ந்த மக்களின் காணிகள் அடங்கிய பகுதியில், இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் என்.டி.பி.சி. நிறுவனமும் 500 மெகாவாற் அனல்மின் நிலையம் அமைக்கத் திட்டமிட்டன. 2016இல் அது கைவிடப்பட்டது. இன்று அதே சம்பூரில் சூரிய மின் திட்டம் வந்திருக்கிறது. நிலக்கரியைவிடச் சூரிய ஒளி தூய்மையானது என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. காணி யாருடையது, மாடுகள் இனி எங்கே மேயும், தீர்மானிக்கும்போது ஊர்மக்களை யார் கேட்டார்கள் என்ற கேள்விகளும் அதே ஒப்படையில் இருக்க வேண்டும். இரண்டையும் பிரித்துக் கற்பித்தால் பாதி உண்மைதான் மாணவரைச் சேரும்.

பதில்: பழைய மாணவி, கிண்ணியா

ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆயினும் ஓர் எச்சரிக்கை. எல்லாப் பாடங்களிலும் இருக்கட்டும் என்று விட்டால், ஆர்வமுள்ள விரிவுரையாளர் மாற்றலாகிச் சென்றதும் அது மறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பாடத்தின் கற்றல் பேறுகளிலும் புள்ளித் திட்டத்திலும் அதை எழுத்தில் சேர்த்து, பல்கலைக்கழக மூதவையின் அங்கீகாரத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மனம் நொந்து சொல்கிறேன். நிலாவெளிக் கடலிலுள்ள புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவானது. அங்குள்ள முருகைக்கற்களை ஆராய மாணவர்கள் ஆண்டுதோறும் போகிறார்கள். பாதுகாப்பின் பொருட்டுத் தொழில் செய்யும் இடம் குறுகிப்போன கடற்றொழிலாளரிடமும் வினாக்கொத்தை நீட்டுகிறார்கள். வலையைப் பொத்திக்கொண்டே ஒருவர் ஒரு மணித்தியாலம் பதில் சொல்கிறார். அறிக்கையோ ஆங்கிலத்தில் எழுதப்பட்டு நூலகத்துக்குப் போய்விடுகிறது, அவர் கண்ணில் படுவதேயில்லை. இறுதியாண்டு ஆய்வு ஒவ்வொன்றுக்கும் தமிழிலோ சிங்களத்திலோ இரண்டு பக்கச் சுருக்கம் எழுதி, தகவல் தந்தவர்களிடம் நேரில் கையளித்துப் பேசுவதற்கும் புள்ளி வழங்கினால், சமூக நீதியை மாணவர் செய்துபார்த்தே கற்பார்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால் பொதுமக்கள் கருத்துத் தெரிவிக்கச் சட்டப்படி 30 நாட்கள் உண்டு. அவ்வாறான அறிக்கையொன்றை வாசித்து, அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களைச் சந்தித்து, மாணவர் குழுவாகக் கருத்துரை எழுதுவதை நிதி முகாமைத்துவத்தின் தொடர் மதிப்பீட்டில் சேர்க்க முன்மொழியப் போகிறேன். தங்கையின் இரண்டு பக்கச் சுருக்கத்தையும் ஆய்வு வழிகாட்டியில் எழுதிவிடுகிறேன். அதற்கு 20 புள்ளி ஒதுக்கலாம் என்று நினைக்கிறேன், குறைவென்றால் சொல்லுங்கள்.