ஏற்றத்தில் மட்டும் கொதிக்கிற பழைய எல்ஃப் லொறி: ஹெட் கழற்றத்தான் வேண்டுமா?

கேள்வி (கிராண்ட்பாஸ் லொறிக்காரன்):

அண்ணாமாருக்கு வணக்கம். என்னிடம் ஒரு பழைய இசுசு எல்ஃப் இருக்கிறது, 4ஜேபி1 எஞ்சின். போன வருடம் யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் வாங்கினேன். புறக்கோட்டை 4ஆம் குறுக்குத் தெருவில் சீனி, பருப்பு, மா ஏற்றி ஹற்றன், நுவரெலியாப் பக்கம் இறக்கிவிட்டு, திரும்பும்போது மரக்கறி ஏற்றிக்கொண்டு பேலியகொடை சந்தைக்கு வருவதுதான் என் வேலை.

கொழும்புக்குள் எவ்வளவு நெரிசலில் நின்றாலும் சூடு காட்டும் முள் நடுவை விட்டு அசையாது. பேஸ்லைன் வீதியில் ஒரு மணித்தியாலம் நின்றிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. அவிசாவளை வரை சரி. கித்துல்கல தாண்டி கினிகத்தேனை ஏற்றம் தொடங்கினால் பத்து நிமிடத்தில் முள் சிவப்புக்குப் போய்விடும், ஓரம் கட்டி நிற்க வேண்டியதுதான்.

இதுவரை வோட்டர் பம்ப் புதிது, ஃபேன் பெல்ட் புதிது. தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கு ஏற்ப ரேடியேற்றருக்குத் தண்ணீர் விடும் வால்வு) ஒரு கராஜில் கழற்றி எடுத்துவிட்டு இனிச் சூடேறாது என்றார்கள், ஏறுகிறது. இப்போது ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் உள்ள தகடு) போயிருக்கும், ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். பிள்ளையின் படிப்புக்கு வைத்திருந்த காசில் கை வைக்க வேண்டிய நிலை. அதற்கு முன் தெரிந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பதில் (பஞ்சிகாவத்தை பழைய கை):

தம்பி, ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள், இப்போதைக்கு. முதலில் காசு செலவில்லாத ஒரு சோதனை. காலையில் எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்து, தண்ணீரை வாய் வரை நிரப்பி, ஸ்டார்ட் செய்து பாருங்கள். கொஞ்சம் அக்சிலேட்டரையும் கொடுங்கள். கேஸ்கட் போயிருந்தால் பெரும்பாலும் தண்ணீரில் விடாமல் குமிழி வந்துகொண்டே இருக்கும், சில நேரம் தண்ணீரே வெளியே பாயும். குமிழியும் இல்லை, எண்ணெய் பால்போல் ஆகவில்லை, தண்ணீரும் குறையவில்லை என்றால் கேஸ்கட்டைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

நெரிசலில் சூடேறாமல், பாரத்தோடு ஏறும்போது மட்டும் சூடேறுகிறது என்றீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. சும்மா நிற்கும் எஞ்சின் உண்டாக்கும் சூடு கொஞ்சம், அதைப் பாதி அடைபட்ட ரேடியேற்றரே தாங்கிவிடும். முழுப் பாரத்தோடு இரண்டாம் கியரில் ஏறும்போதுதான் அதன் பலம் தெரியும்.

அப்புறம், லொறி யாழ்ப்பாணத்தில் ஓடியது என்றீர்கள். அங்கே சுண்ணாம்புக் கல் நிலம், கிணற்றுத் தண்ணீர் கடினம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்குமே, அதேதான் ரேடியேற்றர் குழாய்க்குள்ளும் பிடிக்கும். வருடக்கணக்கில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எஞ்சின் சூடானதும் நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ரேடியேற்றரின் முகத்தை இடம் இடமாகத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் சுட்டு, இன்னொரு பக்கம் வெறும் வெதுவெதுப்பாக இருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை.

பித்தளைத் தொட்டி வைத்த பழைய ரேடியேற்றர் என்றால் ஈயத்தை உருக்கித் தொட்டியைத் திறந்து, கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். அலுமினியம், பிளாஸ்டிக் தொட்டி என்றால் மாற்றுவதுதான். அசிட் ஊற்றிக் கழுவித் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள், ஈயப் பொருத்தை அரித்துவிடும், இளகிய சுண்ணாம்பு இன்னொரு இடத்தில் போய் அடைக்கும்.

பதில் (தெமட்டகொடை டீசல்):

பஞ்சிகாவத்தை அண்ணன் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன், அந்தத் தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். அதைக் கழற்றினால் நல்லது என்பது தவறு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் கீழ்த்தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். அது இல்லாவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே சுற்றி வந்துவிடும். சமதரையிலோ எஞ்சின் சூடே பிடிக்காமல் ஓடித் தேயும். வாங்கும்போது 82 (திறக்கும் சூடு, பாகையில்) என்று பொறித்திருக்கிறதா பாருங்கள், வீட்டில் சட்டித் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் திறப்பது கண்ணுக்கே தெரியும்.

மூடியையும் மாற்றுங்கள். 0.9 என்று போட்ட மூடி அழுத்தத்தைப் பிடித்தால் கொழும்பில் தண்ணீர் 118 பாகை வரை கொதிக்காது. பிடிக்காவிட்டால் கொழும்பில் 100, நுவரெலியா உயரத்தில் 94 அளவிலேயே கொதித்துவிடும். சின்னச் சாமான்தான், ஆனால் மலைக்குப் போகிறவர்களுக்கு உயிர்.

பதில் (மாளிகாவத்தை நானா):

ஃபேனைப் பற்றி யாரும் பேசவில்லை தம்பி. ஏற்றத்தில் லொறி ஊர்கிற வேகத்துக்குக் காற்று தானாக வராது, ஃபேன்தான் இழுக்க வேண்டும். சூடேறினால் ஃபேனை இறுக்கிப் பிடிக்கும் சிலிக்கன் கிளச் உள்ள ஃபேன் என்றால், எஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும்போது நிறுத்திவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக நின்றால் சரி, லேசாகப் பல சுற்றுச் சுற்றினால் கிளச் போய்விட்டது. ஃபேனைச் சுற்றி இருக்கும் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள், முன்பக்கம் அடிபட்டுச் செய்த லொறிகளில் அதை எடுத்து வீசிவிடுவார்கள்.

ஏற்றத்தில் பெரிய கியரில் திணற விடாதீர்கள். ஒரு கியர் குறைத்தால் பம்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றும். சூடேறி நிறுத்தினால் மூடியைத் தொடவே வேண்டாம். என் கிளீனர் பையன் ஈரச் சாக்கைப் போட்டுத் திறந்தான், தோள் வரை வெந்துபோய் இரண்டு மாதம் வேலைக்கு வரவில்லை. இன்றைக்கும் அந்தக் கையைப் பார்த்தால் எனக்கு மனம் கேட்பதில்லை. சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரும் ஊற்றாதீர்கள், ஹெட்டில் வெடிப்பு விழும். ஆறும் வரை இருந்து ஒரு பிளேன்டீ குடியுங்கள்.

கிராண்ட்பாஸ் லொறிக்காரன், இரண்டு வாரம் கழித்து:

குமிழி இல்லை. ரேடியேற்றரின் இடது பக்கம், கீழே, கை வைத்துக்கொண்டே இருக்கும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது, வலது பக்கம் தொட முடியவில்லை. கழற்றிக் கொண்டுபோய் மேல்தொட்டியைத் திறந்தபோது பக்கத்தில்தான் நின்றேன். குழாய் வாய்களில் பாதிக்கு மேல் வெள்ளையாக, கிளிஞ்சல் ஓடு மாதிரி அடைத்திருந்தது. ரேடியேற்றர் வேலை செய்யும் பாஸ் கம்பியை விட்டுத் தட்டத் தட்ட, கடதாசி விரித்த இடத்தில் ஒரு கைப்பிடிக்கு மேல் கொட்டியது. ஃபேன் கிளச் நன்றாக இருக்கிறது நானா. தெர்மோஸ்டாட்டும் மூடியும் புதிது, குழாய்த் தண்ணீர் ஊற்றாமல் கூலன்டும் பற்றரித் தண்ணீரும் (காய்ச்சி வடித்த தண்ணீர்) கலந்து ஊற்றியிருக்கிறேன்.

நேற்று முழுப் பாரத்தோடு கினிகத்தேனை ஏறினேன். முள் நடுவுக்குக் கொஞ்சம் மேலே போய் அங்கேயே நின்றது. ஹற்றன் வரை ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மூன்று பேருக்கும் பெரிய நன்றி, பிள்ளையின் காசு அப்படியே இருக்கிறது. எஞ்சின் பிளாக்குக்குள்ளும் இந்தச் சுண்ணாம்பு இருக்குமே, அதை எப்படி எடுப்பது?

பஞ்சிகாவத்தை பழைய கை:

பிளாக்கின் பக்கத்தில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். அதைக் கழற்றி, தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, மேலேயிருந்து ஹோஸ் பிடித்துத் தண்ணீர் தெளியும் வரை விடுங்கள். ஓட்டை அடைத்திருந்தால் கம்பியால் குத்துங்கள். ஆறிய எஞ்சினில் செய்யுங்கள் தம்பி.