பொருள்: துப்பாக்கி துடைக்கும் ‘புல் த்ரூ’வுக்கு ‘உருவுநாடா’ சரிவருமா?

அண்ணா, வணக்கம்.

நமீபியா வேட்டைப் பயணக் கட்டுரையை மொழிபெயர்க்கும்போது, ரைஃபிள் குழலுக்குள் விட்டு இழுக்கிற அந்தக் கயிற்றுக்குச் சொல் இல்லாமல் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நம் சொல்லாக்கக் குழுவில் இதுவரை வந்தவை மூன்று: குழல் துப்புரவுக் கயிறு, போர்ப்பாம்பு, இழுதிரி.

முதலாவது விளக்கம்தான், பெயர் ஆகாது. போர்ப்பாம்பு ‘போர்ஸ்னேக்’ என்ற விற்பனைப் பெயரின் பாதியை ஒலியாகவும் பாதியைப் பொருளாகவும் எடுத்துக்கொண்டது. நம் பக்கம் ‘போர்’ என்றால் வைக்கோல் போர், இல்லாவிட்டால் தோட்டத்தில் போட்ட ஆழ்துளைக் கிணறு. காங்கேயத்தில் யாரிடமாவது போர்ப்பாம்பு என்று சொன்னால், தடியை எடுத்துக்கொண்டு வைக்கோலுக்குள் தேடப் போவார். இழுதிரி கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் துப்பாக்கி பற்றிய எழுத்தில் திரி என்றாலே பற்றவைக்கிற திரிதான் மனத்தில் வரும். குழலுக்குள் திரியை விட்டான் என்று படிப்பவர் அடுத்த வரியில் வெடிச்சத்தத்தை எதிர்பார்ப்பார். அதனால் அதுவும் வேண்டாம்.

இந்தப் பொருளைக் கையாண்டவன் என்ற முறையில் சொல்கிறேன். ஈரோட்டில் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது எங்களுக்குக் கொடுத்தது .303 ரைஃபிள். அதன் அடிக்கட்டையில் ஒரு பித்தளை மூடி இருக்கும். திறந்தால் உள்ளே சின்ன எண்ணெய்க் குப்பியும் சுருட்டிய புல் த்ரூவும் இருக்கும். கயிற்றின் ஒரு முனையில் பித்தளைக் குண்டு, மறுமுனையில் வளையம். வளையத்தில் 4 அங்குலத்துக்கு 2 அங்குலம் வெட்டிய துணியைக் கோப்போம். அந்தத் துணிக்கு எங்களிடம் பெயர் ‘சிந்தி’. தோட்டா இல்லை என்று பார்த்து உறுதி செய்து, குழலின் பின்பக்கத்தை அடைக்கிற போல்ட்டைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து குண்டை உள்ளே விடுவோம். அது குழல் வாய் வழியாக வெளியே தொங்கும். அதைப் பிடித்து ஒரே மூச்சில் நேராக இழுத்துவிட வேண்டும். பின்பக்கமிருந்து வாய்ப்பக்கம் இழுப்பதால் அழுக்கு தோட்டா அறைக்குள் சேராமல் வெளியே போய்விடும். சாய்த்து இழுத்தால் கயிறு குழல் வாயின் விளிம்பிலேயே உரசி உரசித் தேய்த்துவிடும். விளிம்பு தேய்ந்த துப்பாக்கி குறி தவறும்.

இப்போது வருவது கொஞ்சம் மாறிவிட்டது. கயிறே தடித்த நூல் உடம்பாக இருக்கிறது, நடுவில் வெண்கலத் தூரிகை வைத்துப் பின்னியிருக்கிறார்கள். சிந்தி தேவையில்லை. அழுக்கானால் துவைத்துக் காயவைத்துக்கொள்ளலாம். சட்டைப்பைக்குள் அடங்குவதால் பயணத்துக்கு இதைத்தான் எடுத்துப் போகிறார்கள். எளிதில் தீப்பற்றும் துடைப்புத் திரவங்களை விமானத்தில் கொண்டுபோக முடியாது, இது போகும். தூசி நிறைந்த ஊரில் எண்ணெய் அதிகம் போடவும் கூடாது. எண்ணெயும் மண்ணும் கலந்தால் உப்புக்காகிதம் மாதிரி அறுக்கும். உங்கள் கட்டுரையில் வேட்டைக்காரர் உலர்ந்த கயிற்றை மட்டும் இழுப்பதாக வருவது சரியான செய்திதான்.

நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டத்தை 1991-இல் திருத்திய பிறகு விளையாட்டு வேட்டை கிடையாது. ஆனாலும் சொல் தேவைப்படுகிறது. என் மகள் கோவையில் .22 துப்பாக்கி சுடப் பழகுகிறாள். ஆடி மாதம் பல்லடம் வழியாக ஒரு தடவை காரில் போய்வந்தால் போதும், துப்பாக்கிப் பெட்டியின் விளிம்பெல்லாம் செம்மண்ணும் பஞ்சுத்தூசியும் படிந்திருக்கும்.

என் பரிந்துரை ‘உருவுநாடா’.

பாவாடைக்கு நாடா கோப்பதை நினைத்துப் பாருங்கள். ஊக்கு முன்னே போகும், நாடா பின்னே வரும். இங்கே ஊக்குக்குப் பதில் பித்தளைக் குண்டு, அவ்வளவுதான். ‘இழு’வை விட்டு ‘உருவு’ எடுத்ததற்கும் காரணம் உண்டு. வண்டியை இழுக்கிறோம், கயிற்றை இழுக்கிறோம். முருங்கைக்கீரையை மட்டும் உருவுகிறோம். ஒட்டிப் பிடித்துக்கொண்டு, உரசிக்கொண்டே வந்து, இருப்பதைக் களைந்து எடுப்பது உருவுதல். இந்தக் கயிறு குழலுக்குள் செய்கிற வேலையும் அதுவேதான். சுடுகாடு, ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகையாக நிற்கும்.

---

மறுமொழி:

தம்பி, உருவு எனக்கு முழுச் சம்மதம். நாடாவில்தான் தயக்கம். எங்கள் சென்னிமலைத் தறிக்காரருக்கு நாடா என்றால் பாவுக்குள் ஊடை கொண்டு ஓடுகிற நாடா. உருவு என்பதை உருவம் என்று எடுத்துக்கொள்வார்களோ என்றும் ஒரு யோசனை. உருவுகயிறு என்று வைத்தால் என்ன?

---

மறுமொழி:

சரிங்க அண்ணா, தறி நாடாவை நான் யோசிக்கவில்லை. .303 காலத்துப் பழைய பொருளுக்கு உருவுகயிறு மிகவும் பொருந்தும், அது மெல்லிய கயிறுதான். ஆனால் இப்போதையது தட்டையாக அமுங்குகிற, தடித்த நெசவு. அதைக் கயிறு என்றால் படிப்பவர் கையில் வேறு பொருள் வந்துவிடும். அதனால் பழையதற்கு உருவுகயிறு, புதியதற்கு உருவுநாடா என்று இரண்டையும் வைத்துக்கொள்வோம். பாவு நடுவே ஓடுகிற தறி நாடாவோடு இது குழம்பாது, முன்னால் ‘உருவு’ நிற்கிறது. உருவம் என்ற பொருளும் வாக்கியத்தில் வைத்ததும் விலகிவிடும். உங்கள் பத்தியையே இப்படி மாற்றிப் பார்த்தேன்:

“புழுதி அடங்கும்வரை வண்டிக்குள்ளேயே இருந்தார். பிறகு இறங்கி, குழல் வாயில் ஒட்டியிருந்த நாடாவைப் பிரித்து, போல்ட்டைக் கழற்றி, உருவுநாடாவைப் பின்பக்கமாக விட்டு ஒரே இழுப்பில் உருவி எடுத்தார். அது பழுப்பேறி வந்தது.”

முதல் வாக்கியத்துக்குப் பின் வருகிற ‘ஒட்டியிருந்த நாடா’வை மட்டும் ‘ஒட்டுப்பட்டை’ என்று மாற்றிவிடுங்கள். இரண்டு நாடா அடுத்தடுத்து வரக்கூடாது.