மறு: 'டைம்லைன்' – காலக்கோடு வேண்டாம், மணிவடம் எப்படி?

அன்புள்ள குழுவினருக்கு,

ஊரில் இல்லாததால் இந்த இழையின் மடல்களை இன்றுதான் மொத்தமாகப் படித்தேன். ஐந்தாறு நல்ல சொற்களும் ஒரு சண்டையும் நடந்திருக்கின்றன. சண்டைக்குள் நான் போகவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் சுருக்கமாக: கானாவின் தென்கிழக்கிலும் டோகோவின் தெற்கிலும் வாழும் எவே மக்களின் அக்பட்ஜா ஆட்டம் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்த வாத்தியக் குழுவில் ஒருவர் கங்கோகுயி என்ற இரட்டை மணியைக் கையில் பிடித்து, ஒரே அடிவரிசையை மாற்றாமல் தட்டிக்கொண்டே இருப்பார். முழவுக்காரர், பாட்டுக்காரர், ஆடுபவர் எல்லோரும் அதைக் காதில் வாங்கியே தங்கள் இடத்தைப் பிடிப்பார்கள். இவ்வகை அடிவரிசைக்கு 'டைம்லைன்' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் கானாவின் இசையறிஞர் குவபெனா என்கெட்டியா. தமிழில் என்ன சொல்வது என்பதுதான் கேள்வி.

> காலக்கோடு என்றால் எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். காலக்கோடு என்றதும் வரலாற்றுப் பாடம்தான் நினைவுக்கு வருகிறது. கரிகாலன் இந்தப் பக்கம், ராஜராஜன் அந்தப் பக்கம். அந்தக் கோட்டுக்கு இரண்டு முனைகள் உண்டு. எவே மணியடிக்கு முனை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று இரவு சமையலறையில் ஓர் எவர்சில்வர் டம்ளரையும் சோற்றுக் குண்டானையும் கரண்டியால் தட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு நுண்துடிப்புகள் கொண்ட சுற்று, அதில் ஏழு அடிகள்:

டங் – டிங் – டிங் டிங் – டிங் – டிங் – டிங்

கோடு போட்ட இடத்தில் ஒரு துடிப்பு மௌனம். அதாவது 1, 3, 5, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் அடி விழுகிறது. 'டங்' பெரிய மணியில், மற்றவை சின்ன மணியில். கடைசி டிங்கை அடுத்து இடைவெளியே இல்லாமல் மறுபடியும் டங் வந்து விழும். முதல் அடி என்று நினைத்ததைச் சிறிது நேரம் கழித்துக் கேட்டால் அதுவே கடைசி அடியாகவும் இருக்கிறது. பத்து நிமிடம் தட்டிய பிறகு எங்கே தொடங்கினேன் என்பதே மறந்துவிட்டது. (வீட்டில் யாரும் மறக்கவில்லை.)

> தாளம் என்ற சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? மிச்ர சாப்பும் சமமில்லாத தட்டுகள்தானே?

மிருதங்கம் பயின்ற அம்மையாரின் இந்தக் கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கர்நாடக இசையின் சாப்பு தாளங்கள் இதற்கு மிக நெருங்கி வருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் டம்ளர் சோதனையில் இன்னொரு பாதி இருக்கிறது. கையால் அந்த ஏழு அடிகளைத் தட்டிக்கொண்டே, காலால் 1, 4, 7, 10 என்று சீராக நான்கு முறை தரையைத் தட்டுங்கள். அக்பட்ஜா ஆடுபவர்களின் கால் இந்த நான்கில்தான் நடக்கிறது. காலும் மணியும் ஒன்றாக விழுவது 1இலும் 10இலும் மட்டுமே. 4இலும் 7இலும் கால் விழும்போது மணி வாயை மூடிக்கொண்டிருக்கும். கால் சீராகவும் கை சீரற்றும் போவதால் முதல் ஐந்து நிமிடம் உடம்பே இரண்டாகப் பிரிந்ததுபோல் இருக்கும். பிறகு திடீரென்று இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும்.

நம் வழக்கில் தாளம் என்று எதைச் சொல்வோம்? தொடையில் தட்டி எண்ணுவதை. அந்தக் கணக்கில் ஆடுபவரின் நான்கு காலடிகளே தாளம். மணி அந்தத் தாளத்தை அளந்து காட்டவில்லை, அதன்மேல் குறுக்காகப் பின்னிக்கொண்டு போகிறது. இரண்டையும் 'தாளம்' என்றே எழுதினால் கட்டுரையின் மூன்றாவது பத்தி யாருக்கும் விளங்காது. ஆகவே தாளத்தைக் காலுக்கு விட்டுவிடுவோம்.

இழையில் வந்த இன்னொரு சொல்லான 'கண்டாவர்த்தம்' (கண்டா என்றால் மணி, ஆவர்த்தம் என்றால் சுற்று) அழகானதுதான். உச்சரித்துப் பார்த்தேன், மணியைவிட அதிகம் ஒலிக்கிறது. விட்டுவிடலாம். பறையிசைக் குழுவில் இருக்கும் தம்பி முன்வைத்த 'நிலையடி' எனக்குப் பிடித்திருந்தது. பறைக் கலைஞர்கள் வாசிப்பு வகைகளை அடி என்றே சொல்கிறார்கள், புழங்கும் சொல். ஒரே குறை, நிலையடி என்றால் ஓர் அடி நிலையாக நிற்பதுபோல் தோன்றுகிறது. இங்கே ஏழு அடிகள் கோத்துக் கிடக்கின்றன.

கோத்துக் கிடக்கின்றன என்று எழுதியபோதுதான் 'சரடு' தோன்றியது. ஆனால் 'தாளச்சரடு' என்று எழுதினால் நான் சரடு விடுவதாக யாராவது எழுதுவீர்கள். அடுத்து வந்தது வடம்.

மணிவடம் ஏற்கனவே தமிழில் இருக்கும் சொல், மணிகளைக் கோத்த மாலை. நமக்கு மணி என்றால் கோக்கும் மணி, ஒலிக்கும் மணி, கடிகாரம் காட்டும் மணி எல்லாம் ஒன்றுதான். டைம்லைனில் 'டைம்' இருக்கிறதே, அது எங்கே போயிற்று என்று கேட்பவர்களுக்கும் பதில் அதே எழுத்துகளில் இருக்கிறது. வடம் வட்டமாகத் தொங்குவது, தொடக்கமும் முடிவும் ஒரே முடிச்சில். அந்தப் பெரிய மணியின் 'டங்' அந்த முடிச்சு. மணிகளுக்கு இடையில் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று எந்தப் பொற்கொல்லரும் சட்டம் போடவில்லை.

> கங்கோகுயிக்கு நாக்கு இல்லை, குச்சியால் தட்டுகிறார்கள். சேகண்டி என்பதல்லவா சரி?

சேகண்டி தட்டையான வட்டத் தகடு. இது இரும்பில் அடித்த இரண்டு கூம்புகள், பெரியதும் சின்னதுமாக, ஒரே கைப்பிடியில். நாவில்லாத மணி என்று ஒருமுறை விளக்கிவிட்டு மணி என்றே எழுதலாம். சில ஆப்பிரிக்க இசைகளில் இதே வேலையைக் கைத்தட்டலோ மரக்குச்சிகளோ செய்கின்றன. அங்கே மணிவடம் பொருந்தாது, 'அடிவடம்' என்று வைத்துக்கொள்ளலாம்.

வரைவில் இன்னும் இரண்டு இடங்களைத் திருத்த வேண்டும்.

ஒன்று, முதல் வரியிலேயே 'ஆப்பிரிக்கப் பழங்குடியினரின் போர் நடனம்' என்று இருக்கிறது. எவே மக்கள் பல இலட்சம் பேர். ஆசிரியரும் அமைச்சரும் பேராசிரியரும் அவர்களில் உண்டு. பழங்குடி என்ற சொல்லை அவர்கள்மேல் ஒட்ட நமக்கு எந்த முகாந்திரமும் இல்லை. போர் நடனம் என்பதும் பாதி உண்மை. அட்ரிக்புயி என்ற போர் ஆட்டத்திலிருந்து அக்பட்ஜா கிளைத்தது என்கிறார்கள், ஆனால் இன்று அது சாவு வீட்டிலும் திருமணத்திலும் ஆடப்படுகிறது. முழங்கையை மடக்கி, தோளையும் முதுகையும் பறவை சிறகடிப்பதுபோல் அசைத்து ஆடுவதைப் பார்த்தால் போர் ஞாபகத்துக்கே வராது. 1847இல் ஜெர்மனியிலிருந்து வந்த பிரேமன் மிஷனரிகளின் சபையில் முழவும் ஆட்டமும் கிறிஸ்தவருக்கு ஆகாதவை. இப்போது தேவாலயத்திலேயே அக்பட்ஜா நடையில் பாடுகிறார்கள். இந்த ஒரு வரியை எப்படியாவது கட்டுரையில் சேர்க்க வேண்டும்.

எவே முன்னோர் வாழ்ந்த நோட்சே நகரின் கதையை வரைவிலிருந்து வெட்டியவர் யார்? கொடுங்கோலன் அகோகோலியின் மதிலுக்குள் அடைபட்டிருந்த முன்னோர், பெண்கள் நாள்தோறும் தண்ணீர் ஊற்றி ஊறவைத்த இடத்தில் சுவரை உடைத்து, அந்தச் சத்தம் கேட்காமலிருக்க முழவை முழக்கிக்கொண்டே வெளியேறினார்கள். தடம் ஊருக்குள் போவதாகத் தெரிய வேண்டும் என்று பின்பக்கமாக நடந்தார்கள். அந்த வெளியேற்றத்தை எவே மக்களில் ஒரு பிரிவினரான அங்லோ எவேக்கள் 1962 முதல் நவம்பர் மாதத்தில் கானாவின் அங்லோகா ஊரில் ஹொக்பெட்சோட்சோ விழாவாகக் கொண்டாடுகிறார்கள். அங்கே ஆடும் மிசெகோ ஆட்டத்தின் பெயருக்கு வரைவில் 'இடுப்பை இறுக்கமாகக் கட்டிக்கொள்' என்று சுற்றி வளைத்திருக்கிறது. 'வரிந்துகட்டு' என்று ஒரே சொல்லில் நம்மிடம் இருக்கிறதே!

இரண்டு, 'வுக்பே' என்ற சொல். வு என்றால் முழவு, முழவு வாசிப்பு, அதோடு சேர்ந்த ஆட்டம் எல்லாமே. நம் 'கூத்து' போல அகலமான சொல். ரிதம் என்பதற்கு நேரான ஒற்றைச் சொல் எவே மொழியில் கிடையாது என்று எவே இசையறிஞர் கோஃபி அகாவு எழுதியிருக்கிறார். பிரித்துப் பார்த்து எண்ணும் வேலை வெளியிலிருந்து போன நமக்குத்தான். வுக்பே என்பது முழவின் பேச்சு. வரைவில் 'சொற்கட்டு' என்று போட்டிருப்பது தவறு. சொற்கட்டு என்பது தகதிமி போன்ற தாள அசைகள், அவற்றுக்குப் பொருள் இல்லை. எவே மொழியில் குரலின் ஏற்ற இறக்கமே சொற்பொருளை மாற்றும் என்பதால், அந்த ஏற்ற இறக்கத்தை முழவில் வைத்து வாசித்தால் கேட்பவருக்கு வாக்கியமே கேட்கும். 'பறைமொழி' என்று வைக்கலாம் என்று பார்க்கிறேன். பறைதல் என்றாலே சொல்லுதல்.

ஆனால் பறை என்ற குறிப்பிட்ட கருவியோடு குழம்பும் என்று பறைக் கலைஞர்கள் கருதினால் 'முழவுமொழி'க்கு மாறிக்கொள்கிறேன். தம்பி, உங்கள் குழுவில் கேட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். மணிவடத்துக்கு மறுப்பு இருப்பவர்களும் அதற்குள் எழுதிவிடுங்கள். திங்கள் காலை வரைவில் ஏற்றிவிடுவேன்.