65 லிட்டர் உப்புநீர் மீன்தொட்டி, ஐந்து பவளம்: எதை எங்கே வைப்பது?

மணல்வீடு (சிங்கப்பூர்)

எல்லாருக்கும் வணக்கம். நான்கு மாதத் தொட்டி. 60 செ.மீ. நீளம், அகலமும் உயரமும் 36. கல்லும் மணலும் போக 65 லிட்டர் தண்ணீர் நிற்கும். இரண்டு கோமாளி மீன், ஐந்து நத்தை. ஆரம்பத்துப் பழுப்புப் பாசி வந்து போய்விட்டது. உப்பு அடர்த்தி 1.025, நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.05, ஆல்க் (காரத்தன்மை) 8.3. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில் இருக்கிறது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கக் கட்டுப்படியாகாது என்று மேலே ஒரு சின்ன மின்விசிறி வைத்திருக்கிறேன். வெப்பம் 27-இல் நிற்கிறது.

நேற்று ஐந்து ஃபிராக் (வெட்டி எடுத்த சின்னப் பவளத் துண்டு) வாங்கி வந்தேன்: பச்சை ஜோவா, இரண்டு தலை ஹாமர், ஒரு தலை டார்ச், சிவப்பு மஷ்ரூம், கிரீன் ஸ்டார் பாலிப். அயோடின் கரைசலில் முக்கி எடுத்துத்தான் விட்டேன். கடைக்காரர் "டார்ச் மேலே, ஹாமர் நடுவிலே, மற்றது எங்கே வேண்டுமானாலும்" என்றார். இணையத்தில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் தொட்டியை மேல், நடு, கீழ் என்று மூன்றாகக் கோடு போட்டிருக்கிறார்கள். என் கல்லே 20 செ.மீ. உயரம்தான். இதில் எது மேல், எது நடு? இப்போதைக்கு ஐந்தும் மணலில் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாக இருக்கின்றன.

நெத்திலி_77 (பினாங்கு)

பந்தி அப்படியே இருக்கட்டும், கலைக்காதீர்கள். இரண்டு வாரம் மணலில். அப்புறம் வாரத்துக்கு நாலு விரல் உயரம் மேலே ஏற்றுங்கள். எந்த இடத்தில் நன்றாக விரிகிறதோ அங்கே நிறுத்திவிடுங்கள்.

பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சமைத்துப் போடுகிறது. மங்கலான கடைத் தொட்டியில் பழகிய பாசியைத் திடீரென்று பளிச்சென்ற விளக்குக்குக் கீழே கொண்டுபோனால், அளவுக்கு மீறி வேலை செய்து பவளத்துக்கே விஷமாகும். பவளம் அதைத் துப்பிவிட்டு வெளுத்துப்போகும். என் முதல் தொட்டியில் ஜோவாவை முதல் நாளே உச்சியில் வைத்தேன். ஐந்தாம் நாள் மூடிக்கொண்டது, பத்தாம் நாள் வெள்ளைத் துணி மாதிரி கிடந்தது. வெளிச்சம் போதாவிட்டால் ஜோவா கழுத்தை நீட்டிக் காட்டும், நிதானமாக மேலே ஏற்றிக்கொள்ளலாம். வெந்துபோனதை மீட்பது கஷ்டம்.

உப்புக்கணக்கு (டொராண்டோ)

நெத்திலி தம்பி சொல்கிற நோய் சரி, வைத்தியம் தப்பு. வெளிச்சம் கூடுதல் என்றால் விளக்கைக் குறைக்க வேண்டியதுதானே? பவளத்தைத் தூக்கிக்கொண்டு வாரா வாரம் ஏன் வீடு மாற்ற வேண்டும்?

என் தொட்டியும் ஏறக்குறைய இதே அளவு. ஒரு நண்பரிடம் பிஏஆர் மீட்டர் (பாசிக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் கருவி) இரவல் வாங்கி அளந்தேன். விளக்குக்கு நேர் கீழே கல் உச்சியில் 180. அதே இடத்தில் கீழே மணலில் 110. ஆனால் அதே மணலில் இடது மூலையில் 45! உயரத்தைவிட விளக்குக்கு நேராக இருக்கிறதா, ஓரமாக இருக்கிறதா என்பதுதான் சின்னத் தொட்டியில் பெரிய வித்தியாசம். மூன்று கோடு போட்ட அந்தப் படங்கள் எல்லாம் இரண்டடி ஆழத் தொட்டிக்கு வரைந்தவை.

அவர் வாங்கியிருக்கும் ஐந்துக்கும் 50 முதல் 150 வரை தாராளம். அக்ரோபோரா பவளம் வாங்கினால் 200-க்கு மேல் வேண்டும், அப்போது உச்சியைப் பற்றிப் பேசலாம். ஆக மணல்வீடு, விளக்கைப் பாதியாகக் குறையுங்கள். ஐந்தையும் கடைசியாக எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே வையுங்கள். ஒரு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தைக் கூட்டுங்கள். கைபேசியில் லக்ஸ் செயலி வைத்து அளக்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள், நீல விளக்கு அதன் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

நெத்திலி_77

அக்கா, உங்களுக்கு மீட்டர் இரவல் கொடுக்க ஆள் இருக்கிறது. புதிதாக ஆரம்பிப்பவருக்கு? "கடைசியாக எங்கே இருக்க வேண்டுமோ அங்கே" என்கிறீர்கள். அந்த இடம் எது என்று தெரியாமல்தானே அவர் கேள்வியே கேட்டிருக்கிறார். அலை மோட்டார் எந்தப் பக்கம் அடிக்கிறது, தண்ணீர் எந்தக் கல்லில் மோதித் திரும்புகிறது என்பதெல்லாம் பவளத்தை வைத்துப் பார்த்த பிறகுதான் தெரியும். நான் ஒருமுறை ஜெல் பசை போட்டு டங்கன் பவளத்தை ஒட்டிவிட்டு, மூன்று வாரம் கழித்து உளி வைத்துப் பெயர்த்தேன். கல் இரண்டாகப் பிளந்தது, டங்கனில் ஒரு தலை போனது.

உப்புக்கணக்கு

உடனே ஒட்டச் சொல்லவில்லை, வைக்கத்தான் சொன்னேன். கல்லில் ஓட்டை இருந்தால் ஃபிராக் ஒட்டியிருக்கும் தண்டைச் சொருகி நிறுத்தலாம். தண்ணீர் எங்கே எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் பவளம் எதற்கு? மீனுக்குப் போடும் உறைந்த ஆர்ட்டீமியாவைக் (பொடி இறால்) கரைத்து ஊற்றினால் அது போகிற வழியே காட்டிவிடும். ஹாமரின் சதை மெல்ல ஆட வேண்டும், ஒரே பக்கமாகச் சாய்ந்து படியக் கூடாது. சாய்ந்தால் எலும்பு விளிம்பில் உரசிக் கிழியும். ஹாமரைத் தூக்குவதாக இருந்தாலும் சதை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகுதான் தொட வேண்டும், அதுவும் எலும்பைப் பிடித்து. வாரா வாரம் இதைச் செய்யச் சொல்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று. நாம் இருவரும் உயரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பட்டியலில் சண்டைக்காரர்கள் இருக்கிறார்கள். ஹாமரும் அதன் சொந்தமான ஃபிராக்ஸ்பான் பவளமும் பக்கத்துப் பக்கத்தில் உரசிக்கொண்டே வாழும். அதை நம்பி டார்ச்சையும் ஒரே குடும்பம் என்று சேர்த்து வைப்பவர்கள் நிறைய. 2017-இல் மரபணுவையும் உடலமைப்பையும் ஆராய்ந்து ஹாமர், ஃபிராக்ஸ்பான் இரண்டையும் ஃபிம்பிரியாஃபிலியா என்ற தனிப் பேரினத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். டார்ச் மட்டும் பழைய யூஃபிலியாவிலேயே இருக்கிறது. ஒன்றுவிட்ட சொந்தம்தான், ஒட்டாது. டார்ச் கொட்டி ஹாமர் உருகியதை நான் பார்த்திருக்கிறேன்.

பார்க்காரன் (தூத்துக்குடி)

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். எங்கள் பக்கம் கடலடித் திட்டைப் 'பார்' என்போம், அதனால் இந்தப் பெயர். தொட்டி வைத்தவன் இல்லை, பாரில் முங்கிப் பார்த்தவன்.

முதலில், இதைத் தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன காப்போ அதேதான். கரையில் ஒதுங்கிய துண்டைக்கூடத் தொட்டிக்கு அழகாக இருக்குமே என்று எடுத்துவிடாதீர்கள். ஒருகாலத்தில் மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பவளக்கல்லை வள்ளம் வள்ளமாக அள்ளினார்கள். 1986-இல் 21 தீவுகளையும் சேர்த்துத் தேசியப் பூங்கா ஆக்கியும், 2010, 2016 கோடைகளில் கடல் சூடேறிப் பார் வெளுத்ததை யாரும் தடுக்க முடியவில்லை. நெத்திலி சொல்லும் அந்த வெள்ளைத் துணியை ஏக்கர் கணக்கில் நினைத்துப் பாருங்கள்.

சிங்கப்பூர்க்காரருக்கு என் கேள்வி ஒன்றுதான்: அந்த ஹாமரும் டார்ச்சும் கடலில் வெட்டியதா, பண்ணையில் வளர்த்ததா?

நெத்திலி_77

அண்ணா, மரியாதையோடு சொல்கிறேன். கேள்வி எங்கே வைப்பது என்பது. எங்கிருந்து வந்தது என்பது வேறு தலைப்பு. அதற்குத் தனி இழை போடலாம்.

பார்க்காரன்

வேறு தலைப்பு இல்லை தம்பி. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எங்கே வைப்பது என்று எப்படிச் சொல்வீர்கள்? கலங்கிய தண்ணீரில் ஆழத்தில் இருந்த ஹாமர் ஒரு வெளிச்சத்துக்குப் பழகியிருக்கும். பண்ணையில் ஒரு சாண் ஆழத்தில், பிரகாசமான விளக்குக்குக் கீழே வளர்ந்தது வேறு. பின்னதை நீங்கள் இரண்டு வாரம் மணல் மூலையில் வைத்தால் அது பட்டினி.

இங்கே பாரைச் சீரமைக்கும் வேலையில் உடைந்த பவளத் துண்டுகளைச் சிமெண்ட் பலகையில் கட்டிக் கடலடியில் வைக்கிறார்கள். எடுத்த ஆழத்துக்கு ஏறக்குறைய அதே ஆழத்தில்தான் வைப்பது. அசையாமல் கட்டுவதுதான் முக்கியம், ஆடுகிற துண்டு ஒட்டாது. யாரும் வாரா வாரம் போய் மேலே தூக்குவதில்லை.

அப்புறம், ஹாமர், டார்ச் மாதிரியான கல் பவளங்கள் எல்லாம் சைட்டிஸ் (அருகிவரும் உயிரின வணிகம் பற்றிய உலக ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருப்பவை. முறையாக இறக்குமதி செய்த கடைக்காரரிடம் அதற்கான தாள் இருக்கும், கேட்கலாம். ஜோவா, மஷ்ரூம், ஸ்டார் பாலிப் மூன்றுக்கும் அந்தத் தாள் தேவையில்லை. அந்த மூன்றோடு நிறுத்தியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

மணல்வீடு

கடையில் கேட்டேன். இரண்டும் அவர் தொட்டியிலேயே வெட்டி வளர்த்தவையாம். அந்த விளக்கு என் விளக்கைவிடப் பிரகாசம் என்கிறார்! அப்படியானால் மணலில் காத்திருப்பது வீண்தானா?

நெத்திலி_77

சரி, ஹாமருக்கும் டார்ச்சுக்கும் விட்டுக்கொடுக்கிறேன். ஜோவாவுக்கும் மஷ்ரூமுக்கும் இல்லை. மஷ்ரூம் எப்படியும் மணல் ஓரத்து ஆள், வெளிச்சமும் நீரோட்டமும் கம்மியாக இருக்க வேண்டும்.

ஸ்டார் பாலிப்பை யாரும் பேசவில்லை. அதை முக்கியக் கல்லில் வைத்துவிடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஊதா நிறப் பாய் மாதிரி படர்ந்து ஆறு மாதத்தில் கல்லை மூடி, ஜோவா மேலும் ஏறும். தனியாக ஒரு சின்னக் கல்லில் ஒட்டி, சுற்றி மணல் இருக்கும்படி தீவு மாதிரி வையுங்கள். நீரோட்டம் பலமாக அடித்தாலும் அதற்குச் சந்தோஷம்தான்.

உப்புக்கணக்கு

இதில் தம்பியோடு நூற்றுக்கு நூறு. நான் என் பின் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். புல்வெளி மாதிரி இருக்கிறது, மோட்டாரையும் பாதி மூடிவிட்டது, அது என் தலையெழுத்து.

டார்ச்சுக்கு வருகிறேன். ராத்திரி விளக்கு அணைந்த பிறகு அதன் கொட்டும் இழைகள் பகலில் தெரிவதைவிட நீளும். நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் நீளும். அதனால் டார்ச்சை ஓட்டத்தின் கடைசியில் வையுங்கள், ஓட்டம் போகிற பக்கம் அதற்கு அப்பால் யாரும் இருக்கக் கூடாது. மற்றவர்களிடமிருந்து குறைந்தது ஒரு சாண். இரண்டு நாள் நடுராத்திரி எழுந்து சிவப்பு வெளிச்சத்தில் பாருங்கள், எந்த வரைபடமும் சொல்லாததை அது சொல்லும்.

ஜோவா ஃபிராக்கை வெட்டவோ தண்டைச் சுரண்டவோ போனால் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போடாமல் தொடாதீர்கள். சிலவற்றில் பேலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அந்தக் கல்லை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைப்பது அதைவிட ஆபத்து. அந்த ஆவியால் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

பார்க்காரன்

65 லிட்டரில் ஒரு சாண் டார்ச்சுக்கு விட்டால், மிச்சம் யாருக்கு? ஹாமர் நாளைக்கு ஆறு தலை ஆகும். இருக்கிற நாலையும் வைத்துக்கொண்டு டார்ச்சைத் திருப்பிக் கொடுக்கலாமே.

உப்புக்கணக்கு

ஒரு தலை டார்ச்தானே ஐயா, அதற்குள் குடியை ஏன் கெடுக்கிறீர்கள். ஓர் ஆண்டுக்குள் வளர்ந்தால் வெட்டிக் கொடுத்துவிடலாம்.

பார்க்காரன்

வாங்குகிற எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

மணல்வீடு

மூன்று வாரம் ஆகிவிட்டது. விளக்கை 50 சதவீதத்துக்குக் குறைத்து இப்போது 65-இல் நிற்கிறது. ஹாமர் கல்லின் நடுப்பள்ளத்தில், ஓட்டையில் சொருகியபடி. முதல் நாளைவிட இரண்டு மடங்கு ஊதியிருக்கிறது. ஜோவாவை நெத்திலி அண்ணன் சொன்னபடி மணலிலிருந்து ஒருமுறை மட்டும் ஏற்றினேன். ஒரு புது மொட்டு வந்திருக்கிறது. ஸ்டார் பாலிப் தீவில் இருக்கிறது. நத்தை அதைத் தினமும் கவிழ்க்கிறது, தினமும் நிமிர்த்துகிறேன்.

டார்ச்சை வலது ஓரத்தில் வைத்திருந்தேன். அக்கா சொன்னபடி ராத்திரி ஒரு மணிக்குச் சிவப்பு டார்ச்சோடு (கையில் பிடிக்கும் டார்ச்!) போய்ப் பார்த்தேன். பகலில் விரல் நீளம் இருந்த இழைகளில் இரண்டு மட்டும் கயிறு மாதிரி நீண்டு, நுனி வெளுத்து, கண்ணாடியில் பட்டுச் சுருண்டு திரும்பிக்கொண்டிருந்தன. வலது கண்ணாடியில் மோதி ஓட்டம் திரும்புகிறது போல. அது திரும்பிப் போகும் வழியில்தான் ஹாமர் இருக்கிறது. காலையில் ஹாமரின் ஒரு தலையில் அந்தப் பக்கம் மட்டும் சதை சுருங்கியிருந்தது. டார்ச்சைக் கடையில் கொடுத்துவிட்டு, பதிலுக்கு உப்பு ஒரு பை வாங்கி வந்தேன்.

மஷ்ரூம்தான் தெரியவில்லை. போன செவ்வாய் காலை தண்டு மட்டும் இருந்தது, ஆளைக் காணோம். நேற்றுத் தண்ணீர் மாற்றும்போது பார்த்தால், இடது பக்கக் கல்லுக்கு அடியில், நீங்கள் யாருமே சொல்லாத இருட்டு மூலையில் தானாகப் போய் ஒட்டிக்கொண்டு தட்டு மாதிரி விரிந்திருக்கிறது. எடுத்து முன்னால் வைக்கவா?

நெத்திலி_77

தொடாதீர்கள்!

உப்புக்கணக்கு

அப்பாடா, தம்பி ஒருமுறையாவது "மாற்றாதே" என்று சொல்லிவிட்டார். மணல்வீடு, ஹாமரின் அந்தச் சுருங்கிய பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். பழுப்பாகக் கூழ் வடிகிறதா என்று பார்க்க வேண்டும். நீல விளக்கை அணைத்துவிட்டு வெள்ளை வெளிச்சத்தில் எடுங்கள், நீலத்தில் எல்லாப் பவளமும் ஆரோக்கியமாகத்தான் தெரியும்.