சினைப்பைக் கட்டி என்றார்கள், இருந்ததோ குடல் சவ்வில்

மூன்று மாதமாக வயிற்றில் ஒரு கனம். வலி என்று சொல்ல முடியாது. நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். குனிந்து செருப்பு மாட்டும்போது உள்ளே ஏதோ இடிக்கும். அல்ட்ராசவுண்டில் 11 செ.மீ. நீர்க்கட்டி தெரிந்தது. பெண் என்பதாலோ என்னவோ, "சினைப்பைக் கட்டி" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நானும் மகளிர் மருத்துவரிடம் போனேன்.

அவர் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் படுக்கவைத்தார். கட்டியை இரு கைகளாலும் பிடித்து வலப்பக்கம் தள்ளினார், வழுக்கிக்கொண்டு போனது. இடப்பக்கமும் அப்படியே. மேலும் கீழுமாகத் தள்ளியபோது மட்டும் பிடிவாதமாக நின்றது. "இது சினைப்பையாக இருக்காது போலிருக்கிறதே" என்று சிடி ஸ்கேனுக்கு அனுப்பினார். இரண்டு சினைப்பைகளும் ஒரு குறையுமில்லாமல் தனியாக இருந்தன. கட்டி, சிறுகுடலைத் தாங்கும் மெசன்ட்ரி சவ்வில்.

*

ஸ்கேன் அறையில் வேலை பார்ப்பவன் நான். எங்கள் மேல் உள்ள குறையை ஒப்புக்கொள்கிறேன். மருத்துவமனையில் சேரும் பெரியவர்களில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்கு ஒருவரிடம்தான் இந்த மெசன்ட்ரி கட்டி இருக்கும் என்பது பாடநூல் கணக்கு. அடிவயிற்றில் நீர்க்கட்டி என்றால் மனம் பழகிய பெயருக்குத்தான் ஓடும்.

உங்கள் மருத்துவர் செய்த கைச்சோதனைக்கு டில்லோ குறி என்று பெயர். 1880-இல் இத்தகைய கட்டியை வெற்றிகரமாக அகற்றிய பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயர் அது. அந்தச் சவ்வின் வேர் வயிற்றின் பின்சுவரில் இடது மேலிருந்து வலது கீழாக, சுமார் 15 செ.மீ. நீளத்துக்குத் தையல் போட்டதுபோல ஒட்டியிருக்கிறது. அதில் தொங்கும் கட்டி தையலுக்குக் குறுக்கே ஆடும், நெடுக்கே ஆடாது.

நானும் ஒருமுறை ஏமாறப் பார்த்தேன். வயிறு முழுக்க நீர். வயிற்றறைக்குள் நீர் தேங்கும் நீர்க்கோவை என்றே நினைத்தேன். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னேன். தேங்கிய நீராக இருந்தால் பள்ளத்துக்கு ஓடும், குடல் அதில் மிதக்கும். இங்கே நீர் நகரவே இல்லை. குடல் முழுவதும் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. கூர்ந்து பார்த்தபோதுதான் நூலிழைபோலக் கட்டியின் சுவர் தெரிந்தது.

*

நீங்கள் இருவரும் எழுதியதைப் படித்தேன். என் மகனுக்கு இதே கட்டி ஐந்து வயதில் வந்தது. வாந்தி, சுருட்டிப் பிடிக்கும் வலி. குடல்வால் அழற்சி என்று நினைத்துத்தான் திறந்தார்கள். கட்டி குடலையும் சேர்த்து முறுக்கியிருந்தது. உள்ளே பால்போன்ற வெள்ளைத் திரவம், கொழுப்பு கலந்த நிணநீராம். குடலில் ஒரு துண்டையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. ஊசியால் உறிஞ்சியிருந்தால் போதாதா என்று பிறகு கேட்டேன். பை அங்கேயே இருக்கும், மறுபடி நிரம்பிவிடும் என்றார் மருத்துவர்.

*

முதலில் எழுதியவள்தான். உங்கள் மகன் இப்போது நலம்தானே? எனக்குக் குடலை வெட்டாமல் கட்டியை மட்டும் முழுதாக உரித்தெடுத்துவிட்டார்கள். திசுப் பரிசோதனையில் புற்று இல்லை. ஆறு மாதத்தில் மறுபடி ஒரு அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். இந்த முறை படிவத்தில் "எதற்காக ஸ்கேன்" என்ற கட்டத்தை நானே நிரப்பப் போகிறேன்.